தடை செய்யப்பட்ட தோட்டம்

ஒரு குழந்தைக்கு மூன்று வயது முடிந்ததும் நம் வீடுகளில் புழங்கத் தொடங்குகிற சொல் ‘எல்.கே.ஜி.’ ‘எங்க சேத்திருக்கீங்க? ஃபீஸ் எவ்ளோ?’ என்று பேச்சு அங்கிருந்து நீளும். அந்த மூன்று எழுத்துகளை யாரும் விரித்துச் சொல்வதில்லை. விரித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ‘கே.ஜி.’ என்பது கிண்டர்கார்டன், ஜெர்மன் சொல். ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள். ‘கார்டன்’ என்றால் தோட்டம். ஆக, மூன்றரை வயதில் டை கட்டிக்கொண்டு, நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடிக்கவில்லை என்று அழுகிற குழந்தை, பெயரளவில் ஒரு தோட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தோட்டத்தை ஓர் அரசாங்கம் தடை செய்திருக்கிறது. 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் கார்ல் ஓட்டோ ஃபான் ரௌமர், தன் நாட்டில் கிண்டர்கார்டன்கள் நடக்கக் கூடாது என்று ஆணை போட்டார். அவை ஒரு சோஷலிசத் திட்டத்தின் பகுதி, பிள்ளைகளை நாத்திகத்துக்குப் பழக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. கம்பளிப் பந்தையும் மரக்கட்டையையும் வைத்து விளையாடுகிற நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, ஐரோப்பாவின் பெரிய ராணுவங்களில் ஒன்றை வைத்திருந்த அரசு பயந்தது.

வழக்கமாக இதை ஒரு ஆள்மாறாட்டக் கதையாகச் சொல்வார்கள். அமைச்சர் ஒரு ஃப்ரோபெலை இன்னொரு ஃப்ரோபெல் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் 1782 ஏப்ரல் 21 அன்று துரிங்கியாவின் காட்டுப் பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா லூத்தரன் பாதிரியார். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்போது அம்மா இறந்துபோனார். அப்பாவுக்குத் திருச்சபை வேலையே சரியாக இருந்தது. சிற்றன்னை வந்தார். முதலில் பிரியமாகத்தான் இருந்தார். தனக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் மாறிவிட்டார். அதுவரை ‘நீ’ என்று கூப்பிட்டவர் ‘அவன்’ என்று படர்க்கையில் பேச ஆரம்பித்ததைப் பிற்காலத்தில் ஃப்ரோபெல் எழுதி வைத்திருக்கிறார். முன்னால் நிற்கிற பிள்ளையிடம் ‘அவன் சாப்பிட்டானா?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? எதிரில் இருந்தும் இல்லாதவன் ஆகிற அனுபவம் அது. விளையாட்டுக்காகவே வாழ்ந்த மனிதருக்கு, விளையாட ஆள் இல்லாத ஒரு பால்யம் இருந்தது.

பதினைந்து வயதில் ஒரு வனக்காவலரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். காட்டையும் செடிகளையும் கணக்கையும் தானாகப் படித்துக்கொண்டார். யேனா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள், பிறகு நில அளவை, எழுத்தர் வேலை என்று அலைச்சல். 1805-ல் கட்டடக்கலை படிக்கலாம் என்று ஃபிராங்ஃபர்ட் போனவருக்கு அங்கிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வகுப்பறைக்குள் நுழைந்ததும் தன் இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளி, சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி காட்டிய வழியில் நடந்த பள்ளி. சொல்லுக்கு முன் பொருள், மனப்பாடத்துக்கு முன் பார்ப்பதும் தொடுவதும் என்பது பெஸ்டலோசியின் அடிப்படை. 1808 முதல் 1810 வரை இவெர்டோனில் அவரிடமே போய் இருந்து பார்த்தார் ஃப்ரோபெல்.

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: கல். பெர்லினில் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ் என்ற பேராசிரியரிடம் படிகவியல் படித்தார். நெப்போலியனுக்கு எதிரான போரில் தன்னார்வப் படையில் சேர்ந்து திரும்பியதும், 1814-ல் வைஸின் கனிம அருங்காட்சியகத்திலேயே உதவியாளர் ஆனார். படிகங்களை அவற்றின் உள் அச்சுகளை வைத்து வகைப்படுத்தியவர் வைஸ். உப்புக்கல் கனசதுரமாக வளர்வதற்கு வெளியிலிருந்து யாரும் செதுக்குவதில்லை, உள்ளே ஒரு விதி இருக்கிறது. நாள் முழுக்க அந்தப் படிகங்களோடு இருந்த ஃப்ரோபெலுக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. குழந்தையும் இப்படித்தானே? வெளியிலிருந்து செதுக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கிற விதி வெளிப்பட இடம் கொடுத்தால் போதும்.

இந்தக் கட்டத்தில்தான் குடும்பம் குறுக்கே வந்தது. காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்துக்கொண்டிருந்த அண்ணன் கிறிஸ்டோஃப், காய்ச்சல் தொற்றி 1813-ல் இறந்திருந்தார். அவருக்கு மூன்று மகன்கள். 1816-ல் ஃப்ரோபெல் அருங்காட்சியக வேலையை விட்டுவிட்டு, அந்த மூவருக்கும் இன்னொரு அண்ணனின் இரண்டு மகன்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிப் போனார். ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி அடுத்த வருடம் கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது. அந்த ஐவரில் ஒருவன் பெயர் கார்ல் ஃப்ரோபெல். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கைல்ஹாவ் பள்ளி பெரிய பிள்ளைகளுக்கானது. 1826-ல் ‘மனிதக் கல்வி’ என்ற புத்தகத்தை எழுதினார். பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் பள்ளி, அநாதை இல்லம் என்று வேலை. அங்கேதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைப் பிடிக்கிற வயதில், முக்கியமான பல காரியங்கள் ஏற்கெனவே நடந்து முடிந்துவிடுகின்றன. நடப்பது, பேசுவது, பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது, மனிதர்களை நம்புவது எல்லாம் அதற்கு முன்பே. இவற்றை யாரும் பாடமாக நடத்தவில்லை. பிறகு எப்படி வந்தன? விளையாட்டில் வந்தன.

அப்போது சின்னக் குழந்தைகளுக்கான இடங்களே இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் ராபர்ட் ஓவன் 1816-லேயே ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்திருந்தார். ஆனால் அதைத் தொடர்ந்து பரவிய பல சிசுப் பள்ளிகளில், படிக்கட்டு மாதிரி பெஞ்சுகளில் கூட்டமாகக் குழந்தைகளை உட்காரவைத்துக் கோரஸாக ஒப்பிக்க வைத்தார்கள். மற்ற இடங்கள் வெறும் காப்பகங்கள். அம்மா வேலைக்குப் போய் வரும்வரை பிள்ளை பத்திரமாக இருந்தால் சரி. விளையாட்டை மையத்தில் வைத்து, அதற்கென்றே பொருள்களை யோசித்துச் செய்து, அதை நடத்தத் தெரிந்தவர்களையும் தயார் செய்யலாம் என்று நினைத்ததுதான் ஃப்ரோபெலின் புதுமை. 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் செய்த பொருள்களுக்கு அவர் வைத்த பெயர் ‘பரிசுகள்’. நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவன். இந்தப் பரிசுகளின் வடிவமைப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தொழில்முறைப் பொறாமை வரும். அவ்வளவு குறைவான உறுப்புகளில் அவ்வளவு சாத்தியங்கள்.

முதல் பரிசு ஆறு கம்பளிப் பந்துகள், ஆறு நிறங்கள், பின்னப்பட்ட நூலோடு. கைக்குழந்தைக்கு. நூலைப் பிடித்து ஆட்டினால் பந்து வரும், போகும், ஒளியும், திரும்ப வரும். இரண்டாவது, மரத்தில் ஒரு கோளம், ஒரு கனசதுரம், இரண்டுக்கும் நடுவில் ஓர் உருளை. கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் அதற்குள் உருளை தெரியும். நேரான ஒன்றுக்குள் வளைவான ஒன்று ஒளிந்திருப்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. சொல்லிப் புரியவைக்கிற அவசியமே இல்லை.

மூன்றாவது பரிசுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று, எட்டுச் சின்னக் கனசதுரங்களாக வெட்டப்பட்டு ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டியைத் தலைகீழாக மேசையில் வைத்து, மூடியை உருவிவிட்டு, பெட்டியைத் தூக்க வேண்டும். கட்டைகளைக் கொட்டக் கூடாது. குழந்தை முதலில் முழுசைப் பார்க்கும். பிறகுதான் அது பிரியும் என்று கண்டுபிடிக்கும். நாலாவதிலும் அதே அளவு கனசதுரம், ஆனால் எட்டு செங்கல் வடிவத் துண்டுகள். கன அளவு ஒன்று, குணம் வேறு. இவற்றை வைத்துப் பாலம் போடலாம், நீளமாக அடுக்கலாம், ஒன்றைத் தட்டினால் வரிசையாக விழும். ஐந்தாவது பரிசு மூன்று அங்குலக் கனசதுரம். அதில் சில துண்டுகள் மூலைவாக்கில் வெட்டப்பட்டிருக்கும், மொத்தம் 39. முக்கோணம் வந்துவிட்டது, இனி கூரை வேயலாம்.

இவற்றை வைத்து மூன்று விதமாக விளையாடலாம் என்றார். ஒன்று, வாழ்க்கை வடிவங்கள்: நாற்காலி, கிணறு, வீடு. இரண்டு, அழகு வடிவங்கள்: ஒரு மையத்தைச் சுற்றிச் சமச்சீராக அடுக்குவது, ஏறத்தாழ நம் கோலம் மாதிரி. மூன்று, அறிவு வடிவங்கள்: எட்டை நாலு நாலாகப் பிரி, இரண்டு இரண்டாகப் பிரி. ஒரே எட்டுக் கட்டை ஒரு நிமிடம் கிணறு, அடுத்த நிமிடம் பூ, அதற்கடுத்த நிமிடம் வகுத்தல் கணக்கு. இங்கே ஒரு விதியும் உண்டு. ஒரு வடிவத்தைக் கலைத்துத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கட்டக் கூடாது. ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி, இருப்பதிலிருந்தே அடுத்ததைக் கொண்டுவர வேண்டும். எல்லாக் கட்டைகளும் பயன்பட வேண்டும், எதுவும் மிச்சமாக ஒதுங்கிக் கிடக்கக் கூடாது. தன் வீட்டிலேயே ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு பையன் வளர்ந்து எழுதிய விதி இது என்று நினைத்துப் பார்த்தால் அதன் கனம் கூடுகிறது.

இவற்றோடு காகிதம் மடிப்பது, பின்னுவது, களிமண், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைக் குத்தி உருவங்கள் கட்டுவது, பாட்டோடு சேர்ந்த வட்ட விளையாட்டுகள். வெளியே நிஜமாகவே தோட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் சின்னதாக ஒரு பாத்தி. 1840-ல் ஒருநாள் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயர் அவருக்குப் பளிச்சென்று தோன்றியதாக உடன் நடந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூன் 28 அன்று அந்தப் பெயரை முறைப்படி அறிவித்தார்.

*

இப்போது தடைக்கு வரலாம்.

தோட்டம் என்றால் தோட்டக்காரர் வேண்டும். அந்த வேலைக்கு ஃப்ரோபெல் பெண்களைத் தேர்ந்தெடுத்தார், பயிற்சி கொடுத்தார். பெண்களுக்கு உயர்கல்வியும் தொழிலும் ஏறத்தாழ மூடிக் கிடந்த காலம் அது. குழந்தை வளர்ப்பு என்பது இயல்பாக வருவது, அதைப் போய்ப் படிக்க என்ன இருக்கிறது என்று எண்ணிய சமூகத்தில், ‘இது ஒரு படிப்பு, இது ஒரு தொழில், இதற்குச் சம்பளம் உண்டு’ என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. 1848-ல் ஜெர்மன் நிலமெங்கும் புரட்சி வெடித்தபோது, கிண்டர்கார்டனை ஆதரித்தவர்களில் தாராளவாதிகளும், சுதந்திரச் சபை நடத்திய மதச் சீர்திருத்தக்காரர்களும், பெண் உரிமை பேசியவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு ருடோல்ஸ்டாட் நகரில் கூடிய ஆசிரியர்கள் முன் ஃப்ரோபெல் தன் முறையை விளக்கினார்.

புரட்சி தோற்றது. பழைய அதிகாரம் திரும்பியது, கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. அண்ணன் மகன்களில் யூலியுஸ் ஃப்ரோபெல் ஃபிராங்ஃபர்ட் நாடாளுமன்ற உறுப்பினர். வியன்னாக் கிளர்ச்சியில் பங்கெடுத்து மரண தண்டனை விதிக்கப்பட்டு, மன்னிப்பில் தப்பியவர். அவர் தம்பிதான் கார்ல். ஹாம்பர்க்கில் பெண்களுக்கென்று ஓர் உயர்கல்வி நிறுவனத்தை நடத்தினார். பெண்கள் உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் இணைத்து ஒரு பிரசுரம் வெளியிட்டார். அமைச்சர் ரௌமரின் ஆணை அந்தப் பிரசுரத்தைத்தான் சுட்டிக்காட்டியது. ஃப்ரோபெல் என்றால் எல்லாம் ஒரே ஃப்ரோபெல்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படிகங்களை விட்டுவிட்டு எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாரோ, அவர்களில் ஒருவரின் பெயரால் தோட்டம் மூடப்பட்டது. விளக்கம் எழுதிப் பார்த்தார், பலனில்லை. தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் தடை நீடித்தது. ஆகவே அதை வெறும் பெயர்க்குழப்பம் என்று சொல்ல முடியவில்லை. அமைச்சருக்கு ஆள்தான் மாறியது, எதிரி மாறவில்லை. கேள்வி கேட்காமல் அடங்கி வளர்கிற குடிமகனே வேண்டும் என்கிற ஓர் அரசுக்கு, தன் உள்விதிப்படி வளர்கிற குழந்தையும் படித்துச் சம்பாதிக்கிற பெண்ணும் நல்ல செய்தி இல்லை. அந்த அளவில் ரௌமர் சரியாகத்தான் படித்திருந்தார்.

1852 ஏப்ரலில் மாணவிகள் சூழ எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய ஃப்ரோபெல், சரியாக இரண்டு மாதம் கழித்து ஜூன் 21 அன்று இறந்தார். தடை அப்போதும் இருந்தது. 1860-ல்தான் நீங்கியது. ஷ்வைனா ஊரில் அவர் கல்லறைமேல் நிற்பது இரண்டாம் பரிசு: கீழே கனசதுரம், அதன்மேல் உருளை, உச்சியில் கோளம்.

*

தடை ஒரு காரியத்தைச் செய்தது. விதைகளை வெளியே தள்ளியது.

பெர்த்தா ஃபான் மாரென்ஹோல்ட்ஸ் பூலோ என்ற சீமாட்டி 1849-ல் ஒரு குளியல் தல ஊருக்கு ஓய்வெடுக்க வந்திருந்தார். கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப்பாடித் திரிகிற ஒரு கிழவரை ஊரார் ‘கிறுக்குக் கிழவன்’ என்று சொல்லக் கேட்டு, யாரென்று பார்க்கப் போனார். போனவர் சீடரானார். லண்டன், பாரிஸ், இத்தாலி என்று சுற்றி இந்த முறையைப் பேசிப் பரப்பியவர் இவர். தடையை நீக்க அமைச்சகத்தின் கதவுகளைத் தட்டியவர்களில் முதன்மையானவரும் இவர்தான். புரட்சி தோற்றதும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்களோடும் கிண்டர்கார்டன் பயணம் செய்தது. 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் மார்கரெத் ஷுர்ஸ் தன் வீட்டில் ஜெர்மன் மொழியில் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அது. 1873-ல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ அரசுப் பள்ளிக்குள்ளேயே ஒன்றை ஆரம்பித்தார். 1876-ல் டோக்கியோவில் பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஒன்று வந்தது. அங்கே ஃப்ரோபெலின் காகித மடிப்பும் ஜப்பானின் சொந்த மடிப்புக் கலையும் கலந்தன. இன்று நாம் ஓரிகாமி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இரண்டும் உண்டு.

அதே 1876-ல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் இந்தப் பரிசுகளைப் பார்த்த ஒரு தாய், ஒன்பது வயது மகனுக்காக அவற்றை வாங்கிக்கொண்டு போனார். மகன் பெயர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையை மாற்றியவர்களில் ஒருவரான அவர், அந்த மரக்கட்டைகளின் ஸ்பரிசம் தன் விரல்களை விட்டுப் போகவே இல்லை என்ற பொருளில் முதுமையிலும் எழுதினார். பார்வை மிக மங்கலான இன்னொரு பையன், பக்மின்ஸ்டர் ஃபுல்லர். மற்ற பிள்ளைகள் பட்டாணியையும் குச்சியையும் வைத்துக் கண்ணில் பார்த்த சதுர வீடுகளைக் கட்ட, இவனுக்கு வீடே சரியாகத் தெரியாது. கைக்கு எது உறுதியாக நிற்கிறது என்று தடவித் தடவி முக்கோணங்களில் கட்டினான். பிற்காலத்தில் முக்கோணங்களால் ஆன குவிமாடங்களுக்குப் பெயர்பெற்ற அவர், அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கட்டையால்தான் மேதை ஆனார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கட்டைகளோடு விளையாடிய லட்சக்கணக்கானவர்கள் கடைக்காரர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் ஆகியிருப்பார்கள். ஆனால் கை யோசிக்கும், கை யோசித்தது மறக்காது என்பதற்கு இவர்கள் நல்ல சாட்சிகள்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவிய எல்லா நல்ல விஷயங்களுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. கெட்டிப்பட்டது.

கிண்டர்கார்டன் மேசைகளில் ஓர் அங்குலக் கட்டம் போட்டிருப்பார்கள். ஆசிரியை சொல்வார்: இந்தக் கட்டையை எடு, அந்தக் கட்டத்தில் வை, அடுத்ததை இடது பக்கம் வை. முப்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் ஒரே பூவைக் கட்டி முடிப்பார்கள். பரிசுகளை மில்டன் பிராட்லி போன்ற நிறுவனங்கள் பெட்டி பெட்டியாகத் தயாரித்து விற்றன. கூடவே வழிகாட்டி நூல்களும் வந்தன. வழிகாட்டி வந்ததும் விளையாட்டு பயிற்சியானது. இதில் ஃப்ரோபெலுக்கும் பங்கு உண்டு. படிகத்தின் ஒழுங்கில் மயங்கியவர் அவர், அந்த ஒழுங்கு குழந்தையிலும் வரிசை தப்பாமல் வெளிப்படும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையை அட்டவணை ஆக்குவது சுலபம்.

அமெரிக்காவில் இது பெரிய சண்டையானது. சூசன் ப்ளோ குருவின் வழியிலிருந்து ஓர் அங்குலம் நகர மறுத்தார். பேட்டி ஸ்மித் ஹில் என்ற இளையவர், குழந்தைகள் உள்ளே நுழைந்து விளையாடுகிற அளவுக்குப் பெரிய கட்டைகளைச் செய்து தரையில் போட்டார். என்ன கட்டுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றார். இருவரும் தங்களை ஃப்ரோபெலின் வாரிசுகளாகத்தான் நினைத்தார்கள். ஒருவர் பரிசைக் காப்பாற்றினார், இன்னொருவர் விளையாட்டை. இன்று உலகில் பெரும்பாலான நல்ல மழலையர் வகுப்புகளில் தரையில் கிடக்கிற கட்டைகள் ஹில் வென்றதற்குச் சாட்சி.

இதே காலத்தில் ரோமில் 1907-ல் மரியா மாண்டிசோரி தன் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். மருத்துவர் அவர். அவருடைய பொருள்களும் மரம்தான், அவையும் கைக்கானவைதான். ஆனால் பார்வை வேறு. குழந்தை விரும்புவது நிஜமான வேலையை என்றார். கற்பனை விளையாட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. கட்டையைக் குதிரை என்று ஓட்டுவதைவிட, நிஜக் குவளையிலிருந்து நிஜத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது மேல். இந்த வாதம் நேராக நம் வாசலுக்கு வந்தது. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்த மாண்டிசோரி சில மாதங்களில் திரும்புவதாக இருந்தார். உலகப் போரில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர, பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தார்கள். 1940 ஆகஸ்டில், அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி விடுவித்தார்கள். அடையாறும் கொடைக்கானலுமாக 1946 வரை இங்கேயே இருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று தெருவுக்குத் தெரு ‘மாண்டிசோரி’ என்று பெயர்ப்பலகை தொங்குவதற்கு அந்த ஏழு ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு.

*

அப்படியானால் கட்டையைக் குதிரை ஆக்குவதால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில், இன்னொரு தடை செய்யப்பட்ட மனிதரிடமிருந்து வந்தது.

1933-ல் லெனின்கிராடில் லெவ் வைகாட்ஸ்கி குழந்தை விளையாட்டு பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு காசநோயில், 37 வயதில் இறந்தார். 1936-ல் சோவியத் கட்சி குழந்தையியல் என்ற துறையையே கண்டித்துத் தீர்மானம் போட, அவர் எழுத்துகளும் பல ஆண்டுகள் ஓரம் கட்டப்பட்டன. அந்த உரை அச்சானது 1966-ல். கிண்டர்கார்டனை சோஷலிசம் என்று ஓர் அரசு தடுத்தது. இவரை, சோஷலிசம் என்று பெயர் வைத்துக்கொண்ட அரசே தடுத்தது. குழந்தை எப்படி வளர்கிறது என்று கவனமாகப் பார்க்கிறவரை இரண்டு பக்கமும் சந்தேகித்தார்கள்.

வைகாட்ஸ்கி சொன்னதன் சாரம் இது. சின்னக் குழந்தைக்குப் பொருளும் அர்த்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு என்றால் திறக்க வேண்டும், மணி என்றால் அடிக்க வேண்டும். குச்சியைக் குதிரை என்று ஓட்டுகிற நிமிடத்தில்தான், முதல்முறையாக ‘குதிரை’ என்ற அர்த்தம் நிஜக் குதிரையிலிருந்து கழன்று வருகிறது. சொல்லப்போனால் எழுத்தும் இதே காரியம்தான். தாளில் கிறுக்கிய ஒரு கோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கும் என்று ஏற்றுக்கொள்ள, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நிற்கும் என்று முன்பே விளையாடியிருக்க வேண்டும். ‘அ’ எழுதுவதற்கான பயிற்சி குச்சிக் குதிரையில் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, விளையாட்டு என்றால் இஷ்டப்படி இருப்பது இல்லை. அதில்தான் விதி கடுமை. டீச்சர் விளையாட்டில் டீச்சராக இருக்கிற பெண், டீச்சர் செய்யாத எதையும் செய்ய மாட்டாள். மிட்டாயைக் காசு என்று வைத்து விளையாடினால் அதைத் தின்னக் கூடாது. வாயில் எச்சில் ஊறினாலும் கூடாது. யாரும் அதட்டவில்லை, தானே அடக்கிக்கொள்கிறாள், அதிலேயே சந்தோஷமும் கிடைக்கிறது. அவர் வழிவந்த மனுயிலென்கோ என்ற ஆய்வாளர் 1940-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ‘அசையாமல் நில்’ என்று சொன்னால் சீக்கிரமே நெளிகிற பிள்ளைகள், காவல்காரனாக விளையாடும்போது அதைவிட வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். எந்தக் கட்டுப்பாட்டை மிரட்டி வரவழைக்கப் பார்க்கிறோமோ, அதை விளையாட்டு கேட்காமலே கொடுக்கிறது.

என் மகளுக்குச் சேர்க்கை தேடியபோது ஒரு பள்ளியில் மேசைமேல் கட்டைகள் வைத்திருந்தார்கள். அவள் அவற்றை வரிசையாக நிறுத்தி, ‘இது பஸ், இது கண்டக்டர்’ என்று ஆரம்பித்தாள். எதிரில் இருந்தவர் பஸ்ஸை நடுவில் நிறுத்தி, ‘இது என்ன கலர்? மொத்தம் எத்தனை?’ என்று கேட்டார். அவருக்கு நிரப்ப ஒரு படிவம் இருந்தது, அவர்மேல் கோபமில்லை. ஆனால் ஐந்து கட்டைகளை எண்ணுவதைவிடப் பெரிய கணக்கு ஒன்று அந்தப் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும், டிக்கெட் வாங்காமல் யாரும் உட்காரக் கூடாது, ஓட்டுநர் பாட்டி என்பதால் மெதுவாகத்தான் போகும்.

*

கிண்டர்கார்டன் என்ற சொல் தமிழ்நாட்டுக்கு இரண்டு பாதைகளில் வந்தது. ஒன்று எல்.கே.ஜி. இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ல் பாவ்நகரில் ஒரு பால மந்திர் தொடங்கினார். மாண்டிசோரியைப் படித்து, அதில் கதையையும் பாட்டையும் நாட்டுப்புற விளையாட்டையும் கலந்தவர். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் ஒரு கேள்வி கேட்டார்: விலையுயர்ந்த மரப்பொருள்கள் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி? 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில், பின்னர் கோஸ்பாடில் ஆதிவாசிக் குடியிருப்புகளில், அனுதாய் வாக் துணையோடு கூழாங்கல், விதை, இலை, மண் இவற்றையே பரிசுகளாக்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். முற்றத்துக்குப் போனது அங்கன்வாடி. அதற்கு முந்தைய பெயர் பாலவாடி. பால என்றால் குழந்தை. வாடி என்றால், அந்த மொழிகளில் தோட்டம், தோப்பு. அதாவது குழந்தைகள் தோட்டம். ஃப்ரோபெலின் அதே சொல்.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்தப் பெயர்கள் நாடு முழுக்கப் போயின. நம் கிராமங்களில் இன்றும் அது ‘பால்வாடி’. சொல்லும்போது பால்தான் காதில் விழுகிறது, தோட்டம் விழுவதில்லை. சத்துமாவும் முட்டையும் எடையளவும் முக்கியம். பசியோடு எந்தக் குழந்தையும் விளையாடாது. ஆனால் சோறு போடுகிற இடம் என்பதோடு அதன் மதிப்பை நிறுத்திக்கொண்டோம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பேசுவது ஆறு முதல் பதினான்கு வயதுவரை. அதற்கு முந்தைய வயது, ஃப்ரோபெல் ‘இங்கேதான் எல்லாம் நடக்கிறது’ என்று காட்டிய வயது, அந்த உரிமைக்கு வெளியே நிற்கிறது. 2019-ல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. குழந்தைகள் தோட்டம் என்ற பெயருள்ள இடத்துக்குள், குழந்தைகள் தோட்டம் என்றே பெயருள்ள வகுப்பு வந்தது. பெற்றோர் கேட்டதும் அந்த மூன்று எழுத்துகளைத்தான். அதில் தப்பு சொல்ல முடியாது. தனியார் பள்ளியில் காசு கொடுத்து வாங்குவது தங்கள் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்கிற நியாயம் அது. வருத்தம் என்னவென்றால், காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் அங்கே தோட்டம் கிடைப்பதில்லை.

இன்று கிண்டர்கார்டனுக்குத் தடை ஆணை போட ஒரு ரௌமர் தேவையில்லை. பெயரை வைத்துக்கொண்டு விளையாட்டை மட்டும் எடுத்துவிட்டால் போதும், ஆணையே இல்லாமல் காரியம் முடிந்துவிடும். அப்படி எடுத்த பிறகும் சில அங்கன்வாடிகளில், பதிவேடு எழுதி, எடை பார்த்து, சமையலையும் கவனித்து முடித்த ஓர் அக்கா, மதியத் தூக்கத்துக்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேரத்தில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திக் கைதட்டிப் பாட வைப்பதைப் பார்க்கலாம். ஃப்ரோபெலின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவரை ஆயா என்று எண்ணாமல், 1840-களில் அந்தக் கிழவர் வலியுறுத்தியதைப் போல ஒரு தொழில் தெரிந்தவர் என்று எண்ணி, அதற்கேற்ற சம்பளமும் பயிற்சியும் கொடுத்து, அந்த அரைமணியை மூன்று மணி நேரமாக்குவது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் பிரஷ்ய அமைச்சருக்கு அதுவே புரட்சியாகத்தான் தெரிந்தது.